பூங்காவின் சாவி சந்தையில் இருக்கிறது

எங்கள் ஊரில் ஒரு பூங்கா இருக்கிறது. ஊஞ்சல், சறுக்கு, சிமெண்டு பெஞ்சு, சுற்றிலும் பேவர் பிளாக் நடைபாதை, வாசலில் திறந்துவைத்தவர்கள் பெயர் பொறித்த கல்வெட்டு எல்லாம் உண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனால் பெரும்பாலும் கேட்டில் பூட்டுத் தொங்கும். காவலுக்கு இருந்தவரை நிறுத்திவிட்டார்கள், சம்பளம் கொடுக்க நிதி இல்லையாம். பெரிய பையன்கள் சுவரேறிக் குதித்து விளையாடுகிறார்கள். என் மகளுக்கு ஆறு வயது, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள்.

ரொம்ப நாள் நானும் எல்லோரையும் போல அதிகாரிகளைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் ஒரு வருஷமாக உள்ளாட்சி மன்றத் தீர்மானங்கள், பட்ஜெட் நகல், ஏல அறிவிப்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. பூங்கா பூட்டிக் கிடப்பதற்கான காரணத்தைப் பூங்காவுக்குள் தேடினால் கிடைக்காது, நாலு தெரு தள்ளியிருக்கிற வாரச்சந்தையில் தேட வேண்டும். இந்தப் பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை, தெரிந்தால் கேட்கிற கேள்வியே மாறிவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் யார் பொறுப்பு என்பது. செட்டிநாடு என்று நாம் வாய் நிறையச் சொல்வது நிர்வாகக் கணக்கில் ஓர் அலகே கிடையாது. சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. காரைக்குடி 1928இல் நகராட்சியாகி, 2024 ஆகஸ்டில் மாநகராட்சியானது, கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளும் அதோடு சேர்ந்துவிட்டன. தேவகோட்டை நகராட்சி. பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல், நெற்குப்பை எல்லாம் பேரூராட்சிகள். மிச்சமெல்லாம் கிராம ஊராட்சிகள். ஆகவே ஒரே மாதிரி வீதி, ஒரே மாதிரி ஊருணி, ஒரே மாதிரி வளவு வீடு இருக்கிற பக்கத்துப் பக்கத்து ஊர்களில், பூங்காவைப் பற்றி முடிவெடுக்கிறவர்கள் வேறு வேறு.

அரசியலமைப்புச் சட்டத்தின் 12ஆம் அட்டவணையில் நகர உள்ளாட்சிகளுக்கென்று 18 பொறுப்புகள் இருக்கின்றன, பூங்கா, தோட்டம், விளையாட்டுத்திடல் அதில் ஒன்று. கிராம ஊராட்சிகளுக்கான 11ஆம் அட்டவணையில் 29 இருக்கின்றன, சந்தைகளும் திருவிழாச் சந்தைகளும் அதில் ஒன்று. பொறுப்பை எழுதிக் கொடுத்தார்கள், அதற்கான பணத்தை அதே தாராளத்தோடு கொடுக்கவில்லை. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு பூங்காவைக் கட்டுவதற்குப் பணம் வருகிற வழிகள் நிறைய. மத்திய அரசின் அம்ருத் திட்டம் 2015இல் வந்தபோது, ஒதுக்கீட்டில் 2.5 சதவீதம் வரை பசுமைவெளிக்கும் பூங்காவுக்கும் என்றார்கள். கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். கிராமங்களில் கொஞ்சக் காலம் முன்பு அம்மா பூங்கா, அம்மா உடற்பயிற்சிக் கூடம் என்று கட்டினார்கள், பூங்காவுக்கு 20 லட்சம், உடற்பயிற்சிக் கூடத்துக்கு 10 லட்சம் என்ற கணக்கில். இவையெல்லாம் ஒருமுறை வருகிற பணம். கட்டிடம், கம்பிவேலி, விளக்குக் கம்பம், அந்தக் கல்வெட்டு, அவ்வளவுதான். திறப்புவிழாவுக்கு மறுநாள் காலையில் தண்ணீர் ஊற்ற, குப்பை அள்ள, ராத்திரி எட்டு மணிக்குப் பூட்ட ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆளின் சம்பளம் இந்தத் திட்டங்கள் எதிலும் இல்லை.

சரி, மத்திய நிதிக்குழு மானியம் வருகிறதே என்று கேட்கலாம். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க வேண்டும் என்று இருந்தது. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கு ஏற்பச் செலவழிக்கலாம், ஆனால் அதிலும் சம்பளமோ நிர்வாகச் செலவோ எழுதக் கூடாது என்றார்கள். ஆக, காவலாளி சம்பளம் இந்த மானியத்தில் ஏறாது. அது பெரும்பாலும் உள்ளாட்சியின் சொந்த வருமானத்திலிருந்து, ‘பொது நிதி’ என்று கணக்குப் புத்தகத்தில் எழுதுவார்களே, அதிலிருந்து வர வேண்டும். பொது நிதியில் என்ன சேர்கிறது? சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை, பேருந்து நிலையத்தில் வசூலிக்கிற கட்டணம், அப்புறம் சந்தை ஏலத் தொகை.

சொத்து வரியைத் திடீரென்று கூட்ட முடியாது, கூட்டினால் ஊரே கொதிக்கும். செட்டிநாட்டில் இன்னொரு தனிப் பிரச்சினையும் இருக்கிறது. வீடுகள் தெருவுக்குத் தெரு நீளம், ஆனால் பூட்டிக் கிடப்பவை ஏராளம், உடைமைக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், ஒரே வீட்டில் இருபது முப்பது பேருக்குப் பங்கு இருக்கும். வரியை யார் கட்டுவது என்று பங்காளிகள் பேசி முடிப்பதற்குள் நிதியாண்டே முடிந்துவிடும். அதனால் சின்னப் பேரூராட்சிகளுக்குக் கையில் ரொக்கமாக வருகிற வருமானங்களில் சந்தை முக்கியமானது.

சந்தை ஏலம் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குவதால், அதற்கு முந்தைய சில மாதங்களில் அறிவிப்பு ஒட்டுவார்கள். சந்தையில் கடை போடுகிறவர்களிடம் தரைவாடகை வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுகிறோம், முன்வைப்புத்தொகை இவ்வளவு என்று இருக்கும். அதிகத் தொகை கேட்டவருக்கு மன்றத்தின் ஒப்புதலோடு குத்தகை உறுதியாகும். அவர் அந்தத் தொகையை அலுவலகத்தில் கட்டிவிட்டு, வாரவாரம் சந்தையில் ஆள் வைத்து வசூலித்துக்கொள்வார். யாரும் கேட்காவிட்டாலோ, கேட்ட தொகை முந்தைய ஆண்டைவிட மோசமாக இருந்தாலோ மறு ஏலம் விடலாம், அதுவும் சரிப்படவில்லை என்றால் அலுவலகமே தன் பணியாளர்களை வைத்து வசூலிக்கலாம்.

காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். நடைமுறையில், ஏலம் கேட்க வருகிறவர்கள் முந்தைய நாளே கூடிப் பேசி, இந்த வருஷம் நீ, அடுத்த வருஷம் நான் என்று முடித்துக்கொண்டால் தொகை ஏறவே ஏறாது. வெளியாள் ஒருவர் கேட்க வந்தால் அவரை வாசலிலேயே பேசித் திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு. இப்படிக் குறைந்து போகிற ஒவ்வொரு ரூபாயும் பொது நிதியில் விழுந்திருக்க வேண்டிய ரூபாய். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: காவலாளி ஒருவருக்கு மாதம் 12,000 என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 1,44,000. ஏலத்தில் ஒன்றரை லட்சம் குறைவாகப் போனால் ஒரு பூங்காவுக்கு வருஷம் முழுக்க ஆள் இல்லை. ஏல நாளன்று அந்த அறையில் இருப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான். பூங்காத் திறப்புவிழாவுக்கு ஊரே போகிறோம், அந்த அறைக்கு யாரும் போவதில்லை.

தொகை கூடினால் மட்டும் போதுமா என்றால் போதாது, அதற்கு மறுபக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. குத்தகைக்காரர் கூடுதலாகக் கட்டிய பணத்தைத் தன் கையிலிருந்தா போடுவார்? தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிற ஆச்சியிடமிருந்துதான் எடுப்பார். நான் வாரவாரம் வெள்ளரிப்பிஞ்சும் கொத்தவரங்காயும் வாங்குகிற ஆச்சி ஒருவர் இருக்கிறார், பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வருவார். ஒருநாள் அவரிடம், “ஆச்சி, தரைக்காசுக்கு ரசீது கொடுக்குறாங்களா?” என்று கேட்டேன். “ஒரு துண்டுச் சீட்டு கிழிச்சுக் கொடுப்பான் தம்பி, அதுல என்ன போட்டிருக்குன்னு எனக்கு எங்க தெரியும், கேட்டதைக் கொடுத்துட்டு உட்கார வேண்டியதுதான்” என்றார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் தொகையே அச்சாகவில்லை, தேதியும் இல்லை.

கூடைக்கு இவ்வளவு, தரைக்கடைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று கட்டணத்தை நிர்ணயிப்பது மன்றம், குத்தகைக்காரருக்கு அதில் உரிமையே கிடையாது. அந்த விகிதம் தீர்மானமாகவும் குத்தகை நிபந்தனையாகவும் எழுதப்பட்டிருக்கும், சந்தை வாசலில் பலகையாக வைக்க வேண்டும். ஏலத் தொகை நியாயமாக ஏறுவதும், ஆச்சியிடம் வாங்குகிற காசு விகிதத்தைத் தாண்டாமல் இருப்பதும் ஒரே நேரத்தில் நடக்க முடியும். ஏனென்றால் சந்தையில் நிஜமாக வசூலாகிற தொகைக்கும் ஏலத் தொகைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி பெரியது என்பது சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். ஒரு சந்தை நாளில் எத்தனை கடை இருக்கிறது என்று எண்ணி, விகிதத்தால் பெருக்கி, 52 வாரத்தால் பெருக்கிப் பார்த்தால் போதும், மன்றத்தில் எழுந்து கேட்பதற்குக் கையில் ஒரு எண் கிடைத்துவிடும். மழை வாரம், திருவிழா வாரம் என்று கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

உழவர் சந்தையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டம் வேளாண் விற்பனைத் துறையின் கீழ் வருகிறது. விவசாயிக்கு அடையாள அட்டை உண்டு, தராசு கொடுக்கிறார்கள், கடைக்கு வாடகை இல்லை. காரைக்குடியிலும் இருக்கிறது. அங்கே போய்க் கவுன்சிலரிடம் முறையிட்டுப் பயனில்லை, இங்கே போய் வேளாண் அதிகாரியிடம் முறையிட்டுப் பயனில்லை.

சந்தையைப் பற்றிய இன்னொரு பெரிய முடிவு, இடித்துக் கட்டுவது. பழைய ஓட்டுக் கொட்டகையை இடித்துவிட்டு ஷட்டர் போட்ட கடைகள் கட்டுகிற திட்டங்கள் தமிழ்நாடு முழுக்க நடக்கின்றன. மழைக்கு ஒழுகாத கூரை, கழிப்பறை, குடிநீர் எல்லாம் நல்லவை, யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஷட்டர் கடைக்கு வைப்புத்தொகை கட்ட ஆச்சியால் முடியாது. கட்டி முடிக்கிற வரை தற்காலிக இடம் என்று ஊர்க்கோடிக்கு அனுப்புவார்கள், திரும்பி வரும்போது தரையில் உட்கார இடமே இருக்காது. வரைபடம் மன்றத்துக்கு வருகிற நாளிலேயே, தரைக்கடைக்கு எத்தனை சதுர அடி விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட வேண்டும், தூண் எழும்பிய பிறகு கேட்டு ஒன்றும் ஆகாது. சட்டம் இதில் வியாபாரிகள் பக்கம்தான் இருக்கிறது. 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமைக்கிற நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 50 ஆண்டுக்கு மேல் இயல்பாக நடந்துவருகிற சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருந்து வியாபாரிகளை அப்புறப்படுத்தக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. செட்டிநாட்டு நகரங்களில் கூடுகிற சந்தைகளுக்கு 50 வயது ஒரு வயதா! எங்கள் அப்பத்தா சின்னப் பெண்ணாக இருந்தபோதே அந்தச் சந்தையில் பனங்கிழங்கு வாங்கியதாகச் சொல்லியிருக்கிறார். பாரம்பரியம் என்றால் இங்கே மாளிகையை மட்டும் நினைக்கிறோம். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றபோது எல்லோரும் பேசியது முகப்பையும் ஆத்தங்குடிக் கல்லையும்தான். சந்தைப்பேட்டையும் அதே அளவு பழைய சொத்து.

இனி இடம். பூங்காவுக்கான நிலம் எங்கிருந்து வருகிறது?

முன்பு கொடையாக வந்தது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததை எல்லோரும் அறிவோம். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் ஊருணி, சத்திரம், பள்ளிக்கூடத் திடல் என்று ஊருக்கு ஊர் யாரோ கொடுத்தவைதான். இப்போது கொடையைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. மனைப்பிரிவு போடுகிறவர், பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொது ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலமாகவோ, முடியாதபோது அரசின் வழிகாட்டி மதிப்பில் பணமாகவோ. காரைக்குடியைச் சுற்றி எத்தனை நகர் முளைத்திருக்கிறது, ஒவ்வொன்றிலும் பூங்காவுக்கென்று ஒரு துண்டு இருக்க வேண்டும். போய்ப் பாருங்கள், சிலதில் கருவேலமுள், சிலதில் யாரோ மாட்டுக்கொட்டகை, சிலதில் கோயில்.

கோயில் கட்டினாலும் அங்கன்வாடி கட்டினாலும் நல்ல காரியம்தானே என்று தோன்றும். ஆனால் பூங்காவுக்கென்று விட்ட இடம் பூங்காவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் நீதிமன்றங்கள் உறுதியாக இருக்கின்றன. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991இலேயே உச்சநீதிமன்றம் செல்லாது என்றது, ஆஸ்பத்திரிகூட பூங்காவுக்கு மாற்று ஆகாது என்று. தமிழ்நாட்டில் பூங்கா, விளையாட்டுத்திடல், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959லேயே சட்டம் வந்தது. அதன் அடிப்படை ஒரு பட்டியல்: உள்ளாட்சி தன்னிடம் உள்ள இடங்களைப் பட்டியல் போட வேண்டும், பட்டியலில் உள்ளதை அனுமதியின்றி வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. எனவே நம் கேள்வியும் பட்டியலைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். எத்தனை தானப்பத்திரம் வந்தது, சர்வே எண் என்ன, இப்போது அங்கே என்ன இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். நில விவரம் இருக்கிற ‘அ’ பதிவேட்டையும் நில அளவைப் புலப்படத்தையும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் நாமே பார்க்கலாம்.

எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. நம் ஊர்களுக்குப் பூங்கா என்ற சொல் வருவதற்கு முன்பே பொது இடங்கள் இருந்தன. காரைக்குடியின் மகர்நோன்புப் பொட்டல் ஒரு பொட்டல்தான், புல்லும் இல்லை பூவும் இல்லை, ஆனால் மகர்நோன்புத் திருவிழாவில் அம்பு போடுவதும் அரசியல் கூட்டமும் கிரிக்கெட்டும் அந்த மாதிரி இடத்தில்தான் நடக்கும். சிராவயல் மஞ்சுவிரட்டுத் திடல் வருஷத்துக்கு ஒருநாள் மாநிலம் முழுக்கப் பேசப்படுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஊருணி. செம்புறாங்கல் சுவரும் படித்துறையும் வைத்துக் கட்டிய ஊருணிக் கரையில் சாயங்காலக் காற்றுக்கு உட்கார்ந்து பேசாத தலைமுறை இங்கே இருந்ததில்லை. இப்போது ஊருணியை அழகுபடுத்துகிறோம் என்று கரையில் நடைபாதை போடுகிறார்கள். விடிகாலையில் பெண்கள் பயமில்லாமல் நடக்க அது உதவுகிறது, என் மனைவியும் அங்கேதான் நடக்கிறாள், நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் நடைபாதைக்காக வரத்துக்காலை மூடிவிட்டால் அடுத்த ஐப்பசி மழையில் தண்ணீர் ஊருணிக்கு வராமல் தெருவில் நிற்கும். வீட்டுக் கூரையில் விழுந்த தண்ணீர் தெருக்கால் வழியாக ஊருணிக்குப் போகிற மாதிரித்தான் இந்த ஊர்களையே அமைத்திருக்கிறார்கள். மதிப்பீட்டில் ஒரு வரி, வரத்துக்கால் எத்தனை, எங்கே சிறுபாலம், அதை வைத்துவிட்டால் இரண்டும் நடக்கும். வற்றிப்போன ஊருணியைச் சுற்றி விளக்குப் போட்டு நடப்பதில் என்ன சுகம்?

எங்கே போய்க் கேட்பது? கிராம ஊராட்சி என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு கிராமசபை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் கைக்குப் போனது, அந்த மாதிரிக் காலத்தில் கிராமசபைத் தீர்மானம் இன்னும் முக்கியமாகிறது. நகரத்தில் கிராமசபை மாதிரி பகுதி சபாவும் வார்டு குழுவும் 2022இல் விதிகளோடு வந்தன. மாநகராட்சியோடு சேர்ந்த ஊராட்சிகளின் மக்கள் கிராமசபை போய்விட்டதே என்று வருந்துவது நியாயம், அவர்கள் பகுதி சபாவை விடாப்பிடியாகக் கேட்டு வாங்க வேண்டும். மன்றக் கூட்டத்தின் அஜெண்டாவைப் படிக்கும்போது ‘மன்ற அனுமதியை எதிர்நோக்கி’ என்ற சொற்களையும் ‘பின்னேற்பு’ என்ற சொல்லையும் தேடுங்கள். வேலையோ செலவோ ஏற்கெனவே முடிந்துவிட்டது, கவுன்சிலர்கள் கை தூக்குவது மட்டும் பாக்கி என்று அதற்கு அர்த்தம்.

போன வாரம் சந்தையில் கட்டணப் பலகையைத் தேடினேன். இருந்தது, வாசலுக்கு உள்பக்கம், பாதி எழுத்து அழிந்து. கூடைக்கு என்று எழுதியிருந்த வரியை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டு போய் ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். அவர் கொடுத்துக்கொண்டிருந்தது அதைப்போல இரண்டு மடங்கு. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் வெள்ளரிப்பிஞ்சை அடுக்கிக்கொண்டிருந்தவர், “அந்த போட்டோவை ஒரு தாள்ல எடுத்துக் கொடு தம்பி, இங்க வரிசையா எல்லாரும் வச்சுக்குவோம்” என்றார். இருபது பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும்.